தோலோடா, தோல் நீக்கியதா?

அன்புள்ள மகளுக்கு,

ஹெம்ப் விதையில் தோலோடு இருப்பதை வாங்குவதா, தோல் நீக்கியதை வாங்குவதா என்று கேட்டிருந்தாய். தோல் நீக்கியதையே வாங்கு, அதுவும் சின்னப் பையாக. காரணம் சொல்லாவிட்டால் நீ எதையும் செய்ய மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

இறைச்சி, மீனை விட்ட பிறகு உடம்பில் இரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதாக எழுதினாயே, அன்றிலிருந்து எனக்கு இதே யோசனைதான். தேயிலைத் தோட்டத்தில் தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்த காலமெல்லாம் நான் கண்ணால் பார்த்தது அது. கொழுந்து மலையிலிருந்து பால் கொடுக்க ஓடி வரும் தாய்மார் பலருக்குக் கண் இமைக்குள் வெளுத்துப் போயிருக்கும். மருத்துவிச்சி வந்து திரிபோஷா சத்துமாவும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போவார். அந்த நிலைமை உனக்கு வரக் கூடாது.

ஹெம்ப் என்ற பெயரைக் கேட்டதும் அப்பா பயந்துவிட்டார், கஞ்சா விதைதானே என்று. செடி அதே இனம்தான். ஆனால் போதைப் பொருள் விதைக்குள் உண்டாவதில்லை. பூவையும் அதைச் சுற்றிய சிற்றிலைகளையும் மூடியிருக்கும் பிசினில்தான் அது இருக்கிறது. அறுவடையின்போது அந்தப் பிசின் விதைத் தோலில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், சுத்தம் செய்துதான் விற்பார்கள். சாப்பாட்டுக்கு வளர்ப்பதும் போதை மிகக் குறைந்த வகை. நீ இருக்கும் கனடாவில் 1998இலிருந்து அனுமதி பெற்றுப் பயிரிடுகிறார்கள். இதையெல்லாம் சொன்ன பிறகுதான் அப்பா சரி என்றார்.

தோலோடு இருப்பதற்கும் நீக்கியதற்கும் உள்ள வித்தியாசம் கறுப்பு உளுந்துக்கும் வெள்ளை உளுந்துக்கும் உள்ளது போலத்தான். நார்ச்சத்து பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது. தோல் நீக்கியதில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 4 கிராம் நார்தான் மிஞ்சும். ஆனால் புரதமும் எண்ணெயும் பருப்பில் இருப்பவை. 3 மேசைக்கரண்டி, அதாவது 30 கிராம் அளவு சாப்பிட்டால் 9, 10 கிராம் புரதம் கிடைக்கும். அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவள் நீ. தோலோடு உள்ளதைச் சரியாக மெல்லாமல் விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும். தோல் நீக்கியது மெத்தென்று இருக்கும், குரக்கன் கஞ்சியில் தூவினால் பேரனும் முகம் சுளிக்காமல் குடிப்பான். முதல் நாள் இரண்டு பேரும் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது.

ஆனால் தோல் போன விதை சீக்கிரம் சிக்கு வாசம் அடிக்கும். பருப்பில் பாதி எண்ணெய், காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுப்போகும் எண்ணெய். பையைத் திறந்ததும் போத்தலில் போட்டு ஃபிரிஜ்ஜில் வை. கசந்தால் கொட்டிவிடு, காசைப் பார்க்காதே. வறுக்கவும் பொரிக்கவும் வேண்டாம், அடுப்பை விட்டு இறக்கிய பிறகு போடு.

தோலோடு உள்ளதும் வீண் இல்லை. அது வைத்திருக்கத் தாங்கும். நேபாளத்திலும் உத்தரகாண்டிலும் அதை வறுத்து அரைத்துச் சட்னி செய்கிறார்கள். ஓய்வான ஞாயிற்றுக்கிழமையில் இளஞ்சூட்டில் வெறும் சட்டியில் வறுத்து, தேங்காய்ப்பூ, காய்ந்த மிளகாய், உப்பு வைத்து நன்றாக அரைத்துத் தேசிக்காய் பிழிந்து பார். ரொட்டிக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த விதையை மட்டும் நம்பி உன் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே. 30 கிராமில் இரும்புச்சத்து இரண்டரை மில்லிகிராம் அளவுதான். உன் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 18 மில்லிகிராம் வேண்டும் என்கிறார்கள். தானியம், விதைகளில் உள்ள இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்வதும் இல்லை. தேசிக்காயோ தோடம்பழமோ சேர்த்துச் சாப்பிட்டால் கூடுதலாக எடுக்கும். தேத்தண்ணி அதைத் தடுக்கும். தேயிலையால் வளர்ந்த குடும்பத்திலிருந்து இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்காதே. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடி. இங்கே தோட்டத்து லய வீடுகளில் ரொட்டியும் சாயத்தண்ணியுமாகவே காலை போகிறது, நம் பெண்களுக்கு இரத்தம் குறைய அதுவும் ஒரு காரணம்.

எனக்கும் ஒரு பை அனுப்புவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் மகள். இங்கே கஞ்சாச் செடிக்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. பார்சலைப் பிரித்துவிட்டு விதையைப் பற்றிக் கேட்டால் அப்பாவால் ஹட்டனுக்கும் கொழும்புக்கும் அலைய முடியாது. எங்களுக்கு எள்ளும் கௌப்பியும் போதும்.

அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது என்று எழுது. முடிவு வந்ததும் எண்ணை அப்படியே அனுப்பு, "பரவாயில்லை" என்று மட்டும் எழுதாதே.

அன்புடன்,
அம்மா