திங்கட்கிழமை காலையை விட்டுக் கொடுங்கள்: தறிக் குடோன் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கத்துத் தறிக் குடோன் (விசைத்தறிக் கூடம்) உரிமையாளர்களுக்கு வணக்கமுங்க.

கூலி ஒப்பந்தம், கரண்ட் பில், நூல் விலை என்று உங்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. அதற்கு நடுவில் இன்னொன்றும் கேட்கிறேன். உங்களிடம் தறி ஓட்டுகிறவர்களுக்கு வேலைக்குச் சேரும்போது ஒரு முறை, அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை, முறையாகக் காது கேட்புப் பரிசோதனை செய்து வையுங்கள். சின்னக் குடோன்களில் நீங்களேதான் தறியும் ஓட்டுகிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நான் ஆடியாலஜிஸ்ட்; காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பதுதான் என் வேலை. பேத்தி பேசுவது புரியவில்லை, டிவி சத்தத்தால் வீட்டில் தினமும் சண்டை என்ற நிலை வந்த பிறகுதான் தறிக்காரர்கள் என்னிடம் வருகிறார்கள். அது ரொம்பத் தாமதம்.

பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை. சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுப்போம். லேசாகக் கேட்டாலும் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு காதாக, 1000 ஹெர்ட்ஸில் தொடங்கி 8000 ஹெர்ட்ஸ் கீச்சுச் சத்தம் வரை ஏறும்; அப்புறம் 500, 250 என்று கட்டைச் சத்தத்துக்கு இறங்கும். 1000, 2000 வரை தறிக்காரர் டக் டக்கென்று அழுத்திக்கொண்டே வருவார். 4000 வந்ததும் விரல் நின்றுவிடும். சத்தத்தைக் கூட்டினாலும் அசைய மாட்டார். "மிசின் நின்னு போச்சுங்களா?" என்று ஹெட்போனைக் கழற்றிக் கேட்டவர்கள் உண்டு.

இரைச்சலில் கெட்ட காதின் அடையாளமே அதுதான். பரிசோதனை முடிவைக் காட்டும் வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்தில் விழுந்து, 8000-இல் கொஞ்சம் மேலேறும். ஆரம்பத்தில் பேச்சுக்கு அதனால் பெரிய இடைஞ்சல் இருக்காது. அதுவும் தறிக்காரர்கள் குடோனுக்குள் உதட்டைப் பார்த்தும் கைச்சாடையிலும் பேசிப் பழகியவர்கள். எதிரே நின்று பேசினால் குறை யாருக்கும் தெரியாது. முகாம் போட்டு, பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு "நல்லாக் கேட்குது" என்று எழுதிக் கொடுப்பதை நான் பரிசோதனையாகவே எடுத்துக்கொள்வதில்லை. பள்ளம் விழுந்த இடத்தில் உள்காதின் மயிர்ச்செல்கள் செத்திருக்கும். அவை மறுபடி முளைக்காது. காது மெஷின் சத்தத்தைக் கூட்டித் தரும்; பழைய தெளிவைத் தராது.

எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் வரைதான் பாதுகாப்பு என்பது பல நாடுகளில் வைத்திருக்கும் கணக்கு. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். நாடா (ஷட்டில்) தறிகள் வரிசையாக ஓடும் இடத்தில் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். 94 என்றாலே ஒரு மணி நேரம்தான் தாங்கும்; நம் ஊர் ஷிப்டோ பன்னிரண்டு மணி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே இரைச்சலால் வரும் காது இழப்பைத் தொழில்நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. ஆகவே நான் புதிதாக எதையும் கிளப்பவில்லை.

சரி, ஏன் திங்கட்கிழமை? ஷிப்ட் முடிந்து வந்த காது கொஞ்ச நேரம் மரத்துப் போயிருக்கும். அப்போது எடுத்தால் இருப்பதை விட மோசமாகக் காட்டும். குறைந்தது பதினான்கு மணி நேரமாவது இரைச்சல் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கிறது. திங்கள் காலை குடோனுக்குள் கால் வைப்பதற்கு முன் அனுப்பினால் கணக்குச் சரியாக இருக்கும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே பார்க்கலாம். முந்தின நாள் நல்லெண்ணெய் காய்ச்சிக் காதில் ஊற்றிக்கொண்டு மட்டும் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

இரண்டு விஷயத்தில் நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். ஓட்டிய மீட்டருக்குத்தான் கூலி என்கிற இடத்தில், அந்த அரை நாளுக்கு அவருக்கு நஷ்டம் வரக் கூடாது. முடிவைக் காட்டி யாரையும் வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. இந்தப் பயம் இருக்கிற வரை ஒருவரும் வர மாட்டார்கள். வந்தாலும் கேட்காத சத்தத்துக்கெல்லாம் பட்டனை அழுத்துவார்கள். ரிப்போர்ட் அவர் கையில் இருக்கட்டும். அடுத்த வருடம் அதோடு ஒப்பிட்டால்தான் காது இறங்குகிறதா என்று தெரியும். இறங்கினால் காதடைப்பான் ஒழுங்காகப் போடுகிறாரா என்று பாருங்கள். கழிவுப் பஞ்சைத் திருகி வைப்பது காதடைப்பான் ஆகாது.

ஒன்றுக்கு மட்டும் திங்கட்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால், கூடவே காதுக்குள் இரைச்சலோ தலைசுற்றலோ இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள். மூன்று நாளுக்குள் மருந்து ஆரம்பித்தால் கேட்பு திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. நாள் தள்ளத் தள்ள அது குறையும்.

எந்தக் குடோனுக்கு எந்தத் திங்கள் என்று முறை போடுவது உங்கள் சங்கக் கூட்டத்தில் அரை மணி நேர வேலை. கூப்பிட்டால் வரைபடங்களோடு வந்து விளக்குகிறேன்.

இப்படிக்கு,
பல்லடம் பக்கத்து ஆடியாலஜிஸ்ட் ஒருவர்