அனிமோன் கேட்டு வருபவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கமுங்க.

எங்கள் வளர்ப்பு மீன் கடையில் நீமோ மீன் (ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கடல் மீன்) ஜோடி வாங்குகிற கையோடு, அது ஒண்டி வாழும் அனிமோனும் கேட்கிறீர்கள். அனிமோன் செடியல்ல, கல்லில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரல்களை விரிக்கும் கடல் உயிர். தொட்டி ஆறு மாதமாவது ஓடியிருக்க வேண்டும், தண்ணீரைச் சோதித்துப் பார்த்துத்தான் தருவோம் என்று நாங்கள் சொன்னால் சிலருக்கு மனம் கோணுகிறது. காரணத்தைச் சொல்லிவிடுவதுதான் முறை.

நீமோ மீன் அனிமோன் இல்லாமலே தொட்டியில் பல வருடம் வாழும், முட்டையும் இடும். தவறினால் சாவது அனிமோன்தான். அதன் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை தயாரிக்கும் உணவுதான் அதற்குப் பெரும்பங்கு. உப்போ சூடோ சட்டென்று மாறினால் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். புதுத் தொட்டியில் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் நிலையாக நிற்காது. மீன் ஓரளவு சமாளித்துக்கொள்ளும், அனிமோன் தாங்காது.

நம் பக்கத்தில் முதல் சிக்கல் தண்ணீர். திருப்பூர், பல்லடம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரின் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டும். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, ஆனால் குழாயில் குளோரினோடு வருகிறது. எதுவானாலும் ஆர்.ஓ. வடிகட்டியில் எடுத்து, மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் வழியாகவும் விட்டு, டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டிய பிறகே உப்புக் கலக்க வேண்டும். குடிக்க வைத்திருக்கும் வீட்டு ஆர்.ஓ. உதவாது. சுவைக்காக, ஆர்.ஓ.வில் போகாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் வசதி பலவற்றில் உண்டு. சில மாடல்கள் செம்பும் சேர்க்கின்றன. நமக்கு நல்லது என்று விற்கும் அந்தச் செம்பு அனிமோனுக்கும் இறாலுக்கும் விஷம். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் போடும் செம்பு மருந்தும் அப்படித்தான். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

20 லிட்டருக்கு ஏறக்குறைய 720 கிராம் ரீஃப் சால்ட், அதாவது கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்பு. பிராண்டுக்குப் பிராண்டு கொஞ்சம் மாறும் என்பதால் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) காட்டுவதே கணக்கு. சமையல் உப்பு வேண்டவே வேண்டாம். தனி பக்கெட்டில் கலந்து, சின்ன மோட்டார் போட்டு ஒரு நாள் சுற்றவிட்டு, தொட்டியின் சூட்டுக்கு வந்ததும் ஊற்றுங்கள்.

இரண்டாவது, வெயிலும் காற்றும். ஈரோட்டுச் சித்திரை வெயிலில் ஃபேன் மட்டும் வைத்துத் தண்ணீரை 27 டிகிரியில் நிறுத்துவது கடினம், தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வேண்டும். கோவை, பொள்ளாச்சியில் ஃபேன் பல மாதங்களுக்குப் போதும். ஆனால் ஃபேனும் ஆடிக்காற்றும் சேர்ந்தால் தண்ணீர் மளமளவென்று இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அப்படியே நிற்கும். 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 4 லிட்டர் குறைந்தால் மூன்றாம் நாள் 35 என்பது 37-ஐத் தாண்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக 12 லிட்டர் ஊற்றினால் ஒரே மணி நேரத்தில் திரும்ப 35. இப்படி வாரா வாரம் ஏற்றி இறக்கியே பல அனிமோன்கள் போகின்றன. தினமும் காலையில் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள், குறைந்த தண்ணீரைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-அப் இருந்தால் இன்னும் நல்லது.

அனிமோன் நடக்கும். இடம் பிடிக்காவிட்டால் இரவோடு இரவாக நகர்ந்து அலை மோட்டாரின் வாய்க்குள் இழுபட்டுச் சிதையும். அந்தச் சிதைவு அழுகினால் தொட்டியே கெடும். மோட்டாருக்குக் கட்டாயம் ஸ்பாஞ்ச் உறை போடுங்கள். கல்லில் ஒட்டியிருப்பதைக் கையால் பிய்க்காதீர்கள், பாதம் கிழிந்தால் பிழைப்பது அரிது.

வாங்கும்போது கிட்டப்போய்ப் பாருங்கள். நடுவிலுள்ள வாய் இறுக மூடியிருக்க வேண்டும், விரல்கள் உப்பி ஒட்டும் தன்மையோடு இருக்க வேண்டும். பளீரென்று வெள்ளையாக இருப்பதை அழகென்று எடுக்காதீர்கள், அது பாசி இழந்த அனிமோன். வீட்டுக்கு வந்ததும் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தொட்டித் தண்ணீரைச் சேர்த்துப் பழக்கி விடுங்கள். முதல் நாட்களில் சுருங்கிப் பழுப்புக் கழிவை வெளியேற்றி மறுபடி விரியும், பயப்பட வேண்டாம். வாய் பிளந்து, தொங்கி, நாற்றம் வந்தால் உடனே எடுத்துவிடுங்கள். தீனி வாரம் ஒருமுறை அதன் வாயளவு இறால் துண்டு. பெரிதாகக் கொடுத்தால் துப்பிவிடும்.

துணைக்குக் கிளீனர் இறால் (மீனின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று சுத்தம் செய்யும் இறால்) நன்றாக இருக்கும். ஆனால் அனிமோனின் பக்கத்தில் விடாதீர்கள், புதிதாகத் தோலுரித்த இறாலை அது பிடித்துத் தின்னும். கல்லடியில் அசையாமல் கிடப்பது செத்த இறாலாக இல்லாமல் உரித்த சட்டையாகவும் இருக்கலாம். இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். கொசு மருந்தைத் தொட்டி உள்ள அறையில் அடிக்கவே கூடாது. அதிலுள்ள பைரித்ராய்டு இறாலை மிகச் சொற்ப அளவிலேயே கொல்லும்.

உயிர்ப் பவளமும் கடல் குதிரையும் கடல் வெள்ளரியும் எங்களிடம் கேட்க வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவை பாதுகாக்கப்பட்டவை.

சோதனைக்கு அரை லிட்டர் தண்ணீர் போதும். சோப்புப் படாத பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, எடுத்த அன்றே கொண்டு வாருங்கள். அம்மோனியா, நைட்ரைட் 0, நைட்ரேட் 10-க்குள், உப்பு 35 என்றிருந்தால் அன்றைக்கே அனிமோனைக் கையில் தருகிறோம். இல்லையென்றால் எதை மாற்ற வேண்டும் என்று எழுதித் தருகிறோம். அதற்குக் காசு இல்லை.

இப்படிக்கு,
கடைப் பணியாளர்கள்,
கோவை