கை காலியாக இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்துகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஓட்டுநர்களின் கவனக்குறைவுதான் காரணம் என்று அதை முடித்திருந்தீர்கள். எஃப்.ஐ.ஆரிலும் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்றுதான் எழுதுகிறார்கள். அந்த நொடியில் ஓட்டுநரின் தலையில் எத்தனை வேலை ஏறியிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கலாம், அளக்கவும் செய்யலாம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். என் மனைவியின் தம்பி சென்னையில் கால் டாக்சி ஓட்டுகிறார். போன மாதம் ஒரு சவாரியை ஏற்ற விமான நிலையம் போனவர், கோயம்பேட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டார். வடபழனி தாண்டும் வரை வீட்டுக் கதை பேசிக்கொண்டு வந்தார். ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் நெரிசல் கூடியதும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டார். புரிந்துகொண்டு நானும் பேசாமல் இருந்தேன். அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் அழைத்தார். காதில் புளூடூத். “அண்ணா, எங்க வர்றீங்க? மேப்ல வண்டி நகரவே இல்லையே?” முன்னால் பஸ் ஒன்று குறுக்கே ஒதுங்குவது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சு முடியவில்லை, ஸ்டாண்டில் மாட்டியிருந்த போனில் அடுத்த சவாரிக்கான மணி அடித்தது. திரையில் ஒரு வட்டம், அது சுருங்கி முடிவதற்குள் தொட்டாக வேண்டும். தொட்டார். கத்திப்பாராவில் விமான நிலையம் பக்கம் இறங்க வேண்டிய வண்டி கிண்டி பக்கம் இறங்கிவிட்டது. 11 வருடமாக அந்தப் பாலத்தில் ஓட்டுகிறவர். “போர்டு கண்ணுல பட்டுச்சு மாமா, ஆனா பார்க்கல” என்றார்.

தலையில் ஏறும் இந்த வேலையைத்தான் உளவியலில் மனச்சுமை என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டால் கவலை என்று எடுத்துக்கொள்வோம். இது அது அல்ல. அந்தந்த நொடியில் மூளைக்கு இருக்கும் வேலைப்பளு. புதுத் தெருவில் கதவு எண் தேடும்போது பாட்டுச் சத்தத்தைக் குறைக்கிறோமே, அந்தப் பளுவைத்தான் சொல்கிறேன்.

இதை அளக்கும் முயற்சி புதிதல்ல. 1961லேயே இங்கிலாந்தில் பிரவுன், பூல்டன் என்ற இருவர், கார் ஓட்டுகிறவர்களிடம் எண் வரிசைகளைப் படித்துக் காட்டி, முந்தைய வரிசையிலிருந்து எந்த இலக்கம் மாறியது என்று கேட்டார்கள். வீடுகள் இருக்கும் தெருவைவிடக் கடைத்தெருவில் தவறுகள் கூடின. ஓட்டுவதற்கே மூளை அதிகம் செலவானால் எண்ணுக்கு மிச்சம் இருக்காது என்பதுதான் கணக்கு. இன்று அதே யோசனை இன்னும் எளிதாகிவிட்டது. ஓட்டுபவரின் தோளில் சின்ன அதிர்வுக் கருவி ஒன்றை ஒட்டுவார்கள். 3 முதல் 5 நொடிக்கு ஒருமுறை அது அதிரும். உடனே விரலில் கட்டிய பொத்தானை அழுத்த வேண்டும். பளு ஏற ஏற அழுத்துவது தாமதமாகும், சில தடவை விட்டே போகும். கண் சாலையில் இருக்கலாம், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கலாம், அப்போதும் அந்தத் தாமதம் காட்டிக்கொடுத்துவிடும். 2016 முதல் ஐ.எஸ்.ஓ. 17488 என்று இதற்குச் சர்வதேசத் தரமே இருக்கிறது. இதயத்துடிப்பை வைத்தும், கண்பாவை விரிவதை வைத்தும் அளக்கிறார்கள். ஆனால் துடிப்பு உடல் அலுப்பிலும் மாறும், கண்பாவை வெளிச்சத்துக்கும் மாறும். எனக்குப் பொத்தான் சோதனை மீதுதான் நம்பிக்கை அதிகம்.

புளூடூத் இருக்கிறதே என்பார்கள். டொரோண்டோவில் 699 ஓட்டுநர்களை ஆராய்ந்து 1997ல் வெளியான ஆய்வு, போன் பேசும்போது மோதும் அபாயம் ஏறத்தாழ 4 மடங்கு என்றது. போனைக் கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அதில் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழு 2015ல் கண்டது இன்னும் கலக்கம் தருவது. குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் 27 நொடி வரை கவனம் முழுதாகத் திரும்பாமல் இருக்கலாம். 40 கி.மீ. வேகத்தில் அது 300 மீட்டர். என் மைத்துனர் பலகையைப் ‘பார்க்காமல்’ போனது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நம் சட்டம் கையைத்தான் பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் கொண்டுவந்த திருத்தம் கையில் பிடித்த போனைப் பற்றித்தான் பேசுகிறது. இன்னொன்று, வேலை செய்யும் மணி நேரத்தை எண்ணுகிறோம். அதே 1961ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 5 மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு கொடுக்கச் சொன்னது. டாக்சி செயலிகளுக்கு மத்திய அரசு 2020ல் தந்த வழிகாட்டுதல் ஒரு நாளுக்கு 12 மணி நேரம் என்றது. மணிக்கணக்கு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் காலியான சாலையில் ஒரு மணி நேரமும், போன், வட்டம், நெரிசல் எல்லாம் சேர்ந்த ஒரு மணி நேரமும் ஒன்றாகிவிடுமா?

இந்தப் பளுவை அளக்க, நாசாவுக்காக ஹார்ட், ஸ்டேவ்லேண்ட் இருவரும் 1988ல் வெளியிட்ட ஆறு கேள்விகள் இருக்கின்றன. மூளை உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி, வேலை எவ்வளவு சரியாக முடிந்தது, எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது, எரிச்சல். தமிழில் எழுதி என் மைத்துனரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் தினமும் இரவில் வந்து குறித்தார். ஏழு நாளும் நேர நெருக்கடிதான் மேலே. “டிராஃபிக் பழகிடுச்சு மாமா. அந்த வட்டம் சுருங்குது பாருங்க, அதுதான் பழகவே மாட்டேங்குது.” ஒரே ஒருவர் குறித்ததை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வட்டத்தைத் திரையில் வைத்தவர்கள், ஓடும் வண்டியில் ஒருவர் தோளில் அந்தக் கருவியை ஒட்டி ஒருமுறையாவது சோதித்துப் பார்த்தார்களா?

புனேவிலும் ஒரகடத்திலும் வாகனச் சோதனை மையங்கள் வைத்திருக்கிறோம். பிரேக்கைச் சோதிக்காமல் ஒரு காரைச் சாலைக்கு விடுவதில்லை. ஓட்டுநர் தொட வேண்டிய திரையையும் செயலியையும் அதேபோல் சோதித்து, பொத்தானை அழுத்த எத்தனை மில்லிநொடி தாமதமாகிறது என்று வெளியிடச் சொல்ல வேண்டும். அதுவரை, வண்டி நின்றிருக்கும்போது மட்டும் அடுத்த சவாரிக்கான மணி அடிக்கும்படி செய்யப் போக்குவரத்துத் துறை உத்தரவிடலாம். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பது அந்தச் செயலிக்கு ஏற்கெனவே தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மடிப்பாக்கம், சென்னை – 91