முருகேசனுக்கு, ஷிபாவின் ஒரு ரூபாய்க் கணக்கு

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லாரும் நலம். இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இப்போது எழுத உட்கார்ந்ததே உன் சீட்டுப் பணத்துக்காகத்தான். எடுத்த தொகை மொத்தத்துக்கும் ஷிபா இனு என்கிற நாய்ப் படம் போட்ட கிரிப்டோ காயின் வாங்கப்போகிறாயாம், "ஒரு ரூபாய் வரட்டும், கடையை இழுத்து மூடிவிடுவேன்" என்கிறாயாம். சொன்னது பாஸ்கி என்பதால் பாதிதான் நம்பினேன். பாதி போதாதா?

உன் கண் விலையில் நிற்கிறது: 'ஒரு பைசாகூட இல்லையே, ஒரு ரூபாய் வராதா?' எத்தனை காயின் இருக்கிறது என்று கேட்டாயா? ஷிபாவை வெளியிட்டபோது மொத்தம் 1,000 லட்சம் கோடி. அதில் பாதியை, எத்தீரியம் என்கிற கிரிப்டோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டெரினுக்கு அனுப்பிவைத்தார்கள். 2021 மே மாதம் அவர் அதிலிருந்து 410 லட்சம் கோடியை யாராலும் எடுக்க முடியாத முகவரிக்குத் தள்ளிவிட்டார். மிச்சம் சுமார் 589 லட்சம் கோடி. ஒரு காயின் ஒரு ரூபாய் என்றால் மார்க்கெட் கேப், அதாவது விலையை எண்ணிக்கையால் பெருக்கிய மொத்த மதிப்பு, 589 லட்சம் கோடி ரூபாய். பெருக்கக்கூட வேண்டியதில்லை.

இந்தியா முழுக்க 2024-25இல் ஈட்டிய ஜிடிபி சுமார் 330 லட்சம் கோடி. மும்பை பங்குச் சந்தையில் பட்டியலான அத்தனை கம்பெனிகளும் சேர்ந்து 2024 செப்டம்பர் உச்சத்தில் சுமார் 478 லட்சம் கோடி. ரிலையன்ஸ், டிசிஎஸ், எச்டிஎஃப்சி எல்லாம் அதற்குள் அடக்கம். இவை ஒவ்வொன்றையும் அந்த நாய்ப் படம் தாண்ட வேண்டும். 2024 டிசம்பரில் பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தொட்டபோதுகூட அதன் கேப் 170 லட்சம் கோடிக்குள்தான்.

கணக்கைத் தலைகீழாகப் போடுடா. ஏற்கெனவே ஒரு காயின் தொட்டுக்காட்டிய கேப்பை எடுத்து, ஷிபாவின் எண்ணிக்கையால் வகு. டாலரை 85 ரூபாய் என்றே வைத்துக்கொள்கிறேன். டோஜ்காயின் 2021 மே உச்சத்தில் சுமார் 9,000 கோடி டாலர். அது அப்படியே ஷிபாவுக்கு வந்தால் 1.3 பைசா. எத்தீரியத்தின் 2021 நவம்பர் உச்சம் சுமார் 57,000 கோடி டாலர். ஷிபா எத்தீரியமாகவே மாறினாலும் எட்டுப் பைசா. ஷிபாவின் சொந்த உச்சம், 2021 அக்டோபரில், அன்றைய ரூபாயில் முக்கால் பைசாகூட இல்லை. உலகமே காசைக் கொட்டிய வருஷம் அது.

"பர்ன் பண்ணுகிறார்களே" என்பாய், அதாவது காயினை அப்படி எடுக்க முடியாத முகவரிக்குத் தள்ளி எரிப்பதை. தினமும் 100 கோடி காயின் எரிப்பதாகவே வைத்துக்கொள்வோம். 589 லட்சம் கோடி தீர 1,600 வருஷத்துக்கு மேல் ஆகும். எரிப்புச் செய்தி வந்தால் எத்தனை கோடி என்று பார்க்காதே, இருப்பில் எத்தனை சதவீதம் என்று பார்.

இன்னொரு வாதமும் உன்னிடம் இருக்கும், அதில் நியாயமும் உண்டு: கேப் என்பது உள்ளே போட்ட பணம் இல்லையே, கடைசியாக விற்ற விலையை மொத்த எண்ணிக்கையால் பெருக்கியதுதானே? உண்மை. தெருவில் ஒரு மனை சென்ட் பத்து லட்சத்துக்குப் போனதும் தெருவே அந்த விலை என்று பேசுகிற மாதிரிதான். ஆனால் அது உனக்கு எதிராகவும் வேலை செய்யும். 0.1 பைசாவுக்கு வாங்கியவன் பத்துப் பைசாவில் நூறு மடங்கு லாபத்தில் நிற்பான், விற்காமல் இருப்பானா? ஒவ்வொரு படியிலும் அப்படி வந்து கொட்டுவதை வாங்க நிஜப் பணத்தோடு ஆள் வேண்டும். சின்ன காயின்களில் இது இன்னும் மோசம். காயின்மார்க்கெட்கேப், காயின்கெக்கோ என்று விலை காட்டும் தளங்கள் இரண்டிலும், எக்ஸ்சேஞ்சுகளின் (காயின் வாங்கி விற்கும் சந்தைகளின்) பட்டியலில் "-2% டெப்த்" என்று ஒரு நெடுவரிசை இருக்கும். எவ்வளவு பணத்துக்கு விற்றால் விலை இரண்டு சதவீதம் இறங்கும் என்பது அது. நீ வைத்திருப்பது அதைவிட அதிகம் என்றால் திரையில் தெரிகிற விலை உன் கைக்கு வராது.

சேகர் ஜபிக்கிற லூனா கிளாசிக்கையும் (சரிவதற்கு முன் அதன் பெயர் லூனா) சொல்லிவிடுகிறேன், அவன் அடங்க மாட்டான். "119 டாலர் போன காயின், ஒரு டாலர் வராதா" என்பது அவன் கட்சி. 2022 ஏப்ரலில் 119 டாலர் போனபோது இருந்தவை சுமார் 35 கோடி காயின். மே மாதம், எப்போதும் ஒரு டாலரில் நிற்க வேண்டிய அதன் ஜோடிக் காயினான யுஎஸ்டி அந்த விலையிலிருந்து சரிந்தது. ஒரு யுஎஸ்டி கொடுத்தால் ஒரு டாலர் மதிப்புக்கு லூனா அச்சடித்துக் கொடு என்பது அதன் விதி. லூனா விலை விழவிழ அச்சடிப்பு ஏறியது. சில நாளில் எண்ணிக்கை ஆறரை லட்சம் கோடி. பழைய உச்சக் கேப் முழுக்கத் திரும்பி வந்தாலும் இன்று ஒன்றுக்கு 54 பைசா. பழைய உச்ச விலையை யாராவது காட்டினால், அன்றைக்கு எத்தனை காயின் என்று கேள்.

புதுக் காயினில் பொறி வேறு மாதிரி. கேப் சின்னதாகத் தெரியும், முக்கால்வாசி லாக்கில் இருக்கும். வேர்ல்டுகாயின் 2023 ஜூலையில் வந்தபோது மொத்தம் 1,000 கோடி, புழக்கத்தில் 10 கோடிக்குச் சற்றே மேல். இரண்டு டாலர் விலையில் கேப் 20 கோடி டாலர் சொச்சம். எல்லாம் வெளியே வந்தால் அதே விலைக்கு 2,000 கோடி டாலர். அதனால் கேப்புக்குப் பக்கத்திலேயே எஃப்டிவியையும் (எல்லாக் காயினும் வெளியே வந்தால் ஆகிற மதிப்பு) பார், எந்த மாதம் எவ்வளவு திறக்கிறது என்ற அட்டவணையையும் பார்.

இவ்வளவு பார்த்தாலும் நடக்காததைத்தான் தள்ளிவிட முடியும். கணக்கு இடம் கொடுக்கிறது என்பதற்காக விலை ஏறிவிடாது.

வரி உனக்குத் தெரிந்ததுதான்: லாபத்தில் 30 சதவீதம், மேலே செஸ், விற்கும்போது ஒரு சதவீதம் டிடிஎஸ். ஒன்றில் விட்டதை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.

முருகேசா, விளையாட்டில்லை. சீட்டை எடுத்துவிட்டாய், மிச்சத் தவணை மாதாமாதம் கட்டியாக வேண்டும். அந்தப் பணம் மீனாவின் காலேஜுக்கு என்று நீதான் சொன்னாய். அதைத் தொடாதே. ஆசைக்கு, போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு தொகைக்கு வாங்கு, தடுக்க மாட்டேன்.

சேகர் சொன்ன அந்த இன்னொரு காயினையும் பார்த்துத் தருகிறேன். பெயரை மட்டும் அனுப்பாதே, ஒரே பெயரில் பத்து இருக்கும். கான்ட்ராக்ட் முகவரியை, அதாவது அந்தக் காயினுக்கே உரிய அடையாள எண்ணை, அனுப்பு. எக்ஸ்ப்ளோரரில் (காயின் கணக்கு எல்லாருக்கும் தெரிகிற தளம்) ஹோல்டர்ஸ், அதாவது வைத்திருப்போர், பக்கம் திறந்து, முதல் பத்து வாலெட்டில் எவ்வளவு இருக்கிறது, அதில் எது எரித்த காயின் கிடக்கிற முகவரி, எது எக்ஸ்சேஞ்ச் என்று குறித்து அனுப்புகிறேன். அதுவரை வாங்கித் தொலைக்காதே.

உன்,
ராஜு