பதினேழு ஹெட்போன்களுக்காக ஒரு நன்றி மடல்

அன்புடைய அனைவருக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தாமிரபரணிக் கரையில் பெருவெள்ளத்தால் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பள்ளிச் சுவரில் சேற்றுக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை உங்களில் பலர் நேரில் வந்தே பார்த்தீர்கள். நேற்றுக் காலை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மறுபடியும் கணினி அறையில் உட்கார்ந்து ஆங்கிலம் கேட்டார்கள். அந்த மகிழ்ச்சியின் சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

வகுப்பறைகளில் சேறு அள்ளிய பெற்றோர்கள், பழைய கணினிகளைப் பழுது பார்த்து அனுப்பிவைத்த முன்னாள் மாணவர்கள், வயரிங் வேலையைக் கூலி வாங்காமல் முடித்துக்கொடுத்த தம்பிகள், பாடநூலின் க்யூஆர் கோடுகளுக்குரிய ஒலிப்பதிவுகளையெல்லாம் பென்டிரைவில் ஏற்றித் தந்த பக்கத்து ஊர் ஆசிரியை என்று எல்லாரையும் சேர்த்தே வணங்குகிறேன். பெயர் சொல்லத் தொடங்கினால் ஒருவராவது விடுபட்டுப் போவார்.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் தனியாக எழுத வேண்டும். கணினிகள் வந்து சேர்ந்த பிறகும் எங்கள் ஆங்கில வகுப்பு தொடங்கவில்லை. ஏனென்றால் ஹெட்போன்கள் இருபதும் சேற்றில் ஊறிக் கிடந்தன. பெரிய பொருள்கள் கண்ணுக்குத் தெரிவதால் அவற்றைத் தர ஆள் கிடைக்கிறது, ஹெட்போன் யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. கேட்டு வாங்க எனக்கும் கூச்சமாக இருந்தது. ஏரல் பக்கம் டிவி மெக்கானிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், தம் கடைக்குள்ளும் தண்ணீர் புகுந்து எல்லாம் போன நிலையில், பேரனை விட வந்த இடத்தில் மூலையில் கிடந்த அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, ஒரு உரச்சாக்கில் அள்ளிப் போட்டுத் தம் டிவிஎஸ் ஃபிப்டியில் வைத்துக் கொண்டுபோய்விட்டார்.

ஒன்பது நாள் கழித்துப் பதினேழைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் கழற்றி, பல்துலக்கும் பிரஷால் மண்ணை எடுத்து, நிழலில் உலர்த்தி, அற்றுப்போன வயர்களுக்கு ஈயம் வைத்து, நகப்பூச்சால் எண்ணும் போட்டிருந்தார். சோதித்துப் பார்க்க எங்கள் பாடத்தின் ஒலிப்பதிவையே பயன்படுத்தினாராம். குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் ஆங்கிலத்தில் உள்ள இரண்டு சொற்களையும் (pin, bin) தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பின்’தான், நம்மிடம் இருப்பது ஒரே ‘ப’. அந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியாமல் நான் பல ஆண்டுகள் திண்டாடியிருக்கிறேன். அண்ணாச்சியோ மிக இயல்பாகச் சொன்னார்: “ஒண்ணுல காத்து வந்து அடிக்குது டீச்சர், இன்னொண்ணுல அடிக்கல. உள்ள இருக்குற தகடு சரியா இருந்தாத்தான் அந்த அடி கேக்கும். அத வச்சுத்தான் ஒவ்வொண்ணையும் பாத்தேன்.” பதினேழு ஹெட்போனில் இரண்டு காதுக்குமாக முப்பத்து நான்கு முறை கேட்டதில் பாதிப் பாடம் தமக்கு மனப்பாடம் ஆகிவிட்டது என்று சிரித்தார். காசு என்று நான் வாயெடுத்ததும் வண்டியைக் கிளப்பிவிட்டார். பெயரைப் போடக் கூடாது என்றும் பேரனிடம் சொல்லியனுப்பியிருக்கிறார்.

நேற்று அவர் சொன்னதையே வகுப்பில் செய்து பார்த்தோம். உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் குண்டூசியைச் சொன்னபோது காகிதம் அசைந்தது, குப்பைத்தொட்டிக்கு அசையவில்லை. குறில் நெடில் பழகிய நம் பிள்ளைகளுக்குக் கப்பலுக்கும் செம்மறியாட்டுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களைப் (ship, sheep) பிரித்துக் கேட்பது எளிது; தடுமாற்றமெல்லாம் இந்தக் காற்றில்தான் என்பது, இத்தனை ஆண்டு ஆங்கிலம் நடத்திய எனக்கு ஒரு மெக்கானிக் சொல்லித்தான் உறைத்திருக்கிறது. எந்தப் புதுச் சொல்லையும் பிள்ளைகள் காதால் கேட்பதற்கு முன்னால் இனி நான் பலகையில் எழுதப்போவதில்லை.

தேறாத மூன்றையும் உதிரிக்காக அண்ணாச்சி தம்மிடமே வைத்திருக்கிறார். எட்டாம் எண் ஹெட்போனில் மட்டும் இடப்பக்கம் இன்னும் சற்றுக் கரகரக்கிறது. அதை நான் மாட்டிக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் ஊர்ப் பள்ளியின் ஆங்கில ஆசிரியை