எட்டு மடங்கு தண்ணீர் எங்கே?

மத்திய சுற்றாடல் அதிகாரசபை அதிகாரிகளுக்கு வணக்கம்.

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். இந்த மடல் என் தங்கை வீட்டைப் பற்றியது. நகர எல்லைக்கு வெளியே, பாதாளச் சாக்கடை போகாத பக்கத்தில், ஒரு தொடர்மாடியில் இருக்கிறாள். கட்டடத்துக்கென்று ஒரு சின்னக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. அதன் தண்ணீர் பின்பக்கத்துக் கால்வாயில் விழுகிறது.

அந்த நிலையத்தில் வேலை செய்வது இயந்திரமல்ல, பக்டீரியா. தொட்டிக்குள் புளோவர் காற்று ஊத, அவை கழிவைத் தின்று பெருகி, அடுத்த தொட்டியில் சேறாகப் படியும். தெளிந்த நீர் வெளியே போகும். காற்று நின்றால் அவை மூச்சுமுட்டிச் சோர்ந்துவிடும், நீண்ட நேரம் நின்றால் சாகவும் தொடங்கும். தண்ணீர் மட்டும் வழக்கம்போல வெளியே போகும். தங்கை வீட்டில் இரவு பத்துக்குப் புளோவரை நிறுத்திவிடுகிறார்கள். கரண்ட் பில் குறையுமாம்!

சரி, ஒழுங்காக ஓடும் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு உங்கள் பி.ஓ.டி. வரம்பு லீற்றருக்கு 30 மில்லிகிராம். பி.ஓ.டி. என்பது அந்த நீரில் மிஞ்சிய அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்கள் ஆற்றிலிருந்து இழுக்கும் ஒட்சிசன். எல்லோரும் இந்த 30ஐத்தான் சொல்கிறார்கள். அதன் கீழே உள்ள குறிப்பை யாரும் வாசிப்பதில்லை: கலக்கும் இடத்தில் கழிவுநீரைப்போலக் குறைந்தது எட்டு மடங்கு சுத்தமான நீர் இருக்கவேண்டும், குறைந்தால் வரம்பும் அதே விகிதத்தில் இறங்கும். நான்கு மடங்கென்றால் 15.

மாசி, பங்குனியில் அந்தக் கால்வாய் ஓடுவதே இல்லை. எட்டு மடங்கு எங்கிருந்து வரும்? களனி கங்கையே அந்த மாதங்களில் மெலிந்து, அம்பத்தலைப் பக்கம் கடலுப்பு ஏறிவந்திருக்கிறது. கொழும்பின் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு அங்கேதான் எடுக்கப்படுகிறது. அவிசாவளைச் சீதாவக்கைக் கைத்தொழில் பேட்டையின் சுத்திகரித்த நீரும் அதற்கு மேலேதான் ஆற்றில் சேர்கிறது. மழைக்காலத்தில் ஆறு தாங்கும் கழிவை கோடையில் தாங்காது.



நான் கேட்பது இதுதான். கழிவை வெளியே விட வாங்கும் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் ஒவ்வொன்றிலும் கோடைக்கால நீரோட்டத்தை அளந்து, அதற்கேற்ற வரம்பை எழுதுங்கள். மாதிரி எடுக்க அறிவித்துவிட்டுப் பகலில் போகாதீர்கள்.

தங்கையின் பல்கனியிலிருந்து பார்த்தால் அந்தக் குழாய் நன்றாகத் தெரியும். வந்தால் தேநீர் போட்டுத் தருவாள். மழையில்லாத நாளாகப் பார்த்து, இரவு பத்துக்குப் பிறகு வாருங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைவாசி