எமுலேட்டரில் குறியாக்கத்தை அணைக்கத் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் எமுலேட்டர்கள் (ஒரு வகைக் கணினியைப் போல இன்னொரு கணினியை நடிக்கவைக்கும் மென்பொருள்கள்) குறித்து வெளியான கட்டுரையில், வேறு வகைச் செயலிக்கான (ப்ராசசர்) இயங்குதளத்தைத் தம் கணினியில் சோதித்துப் பார்ப்பவர்கள் வேகத்தைக் கருதி வட்டுக் குறியாக்கத்தை அணைத்துவிடலாம் என்று கூறப்பட்டிருந்தது. ஒரு காலத்தில் பொருத்தமாக இருந்த அறிவுரைதான் அது. ஆனால் 2023க்குப் பிறகு அதற்குத் தேவை பெரிதும் குறைந்துவிட்டது.

வட்டுக் குறியாக்கத்திலும் இணையப் பரிமாற்றத்திலும் பரவலாகப் பயன்படும் ஏஇஎஸ் முறை, பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் ஆகியோரால் உருவாக்கப்பட்டு 2001இல் அமெரிக்க அரசின் தரமாக ஏற்கப்பட்டது. தரவை 16 பைட்டுகளாகப் பிரித்து, சாவியின் நீளத்தைப் பொறுத்து 10, 12 அல்லது 14 சுற்றுகள் கலக்குவது அதன் வேலை. ஒவ்வொரு சுற்றிலும் பைட்டுகளை மாற்றீடு செய்தல், வரிசைகளை நகர்த்துதல், நெடுவரிசைகளைக் கலத்தல், சாவியைச் சேர்த்தல் ஆகியவை நடக்கின்றன (கடைசிச் சுற்றில் மட்டும் கலத்தல் இல்லை). 2010 முதல் வெளிவந்த பல இன்டெல் செயலிகளில் ஒரு சுற்று முழுவதற்கும் ஒரே கட்டளை போதும். கைபேசிகளில் பரவலாக உள்ள ஆர்ம் வகையின் பல 64 பிட் செயலிகளிலும் இதற்கெனத் தனிக் கட்டளைகள் உண்டு.

ஃபேப்ரிஸ் பெல்லார் 2003இல் தொடங்கிய கியூஎமு போன்ற எமுலேட்டரில், ஆர்ம் நிரல் ஒன்று இந்தக் கட்டளையைக் கேட்கும்போது, நெடுங்காலமாக அது சி நிரல்மொழியில் எழுதிய ஒரு செயற்கூறாகவே (ஃபங்ஷன்) நிறைவேற்றப்பட்டு வந்தது. ஒவ்வொரு பைட்டுக்கும் நினைவகத்திலுள்ள அட்டவணையைப் புரட்டி விடை தேடும் அந்தச் செயற்கூறு ஓடிக்கொண்டிருக்க, அதே வேலைக்காகவே அமைந்த வன்பொருள் அடியிலிருக்கும் இன்டெல் செயலியில் சும்மா கிடந்தது. வீட்டில் கிரைண்டர் இருக்க அம்மியில் அரைத்த கதைதான்.

அப்படியானால் ஆர்ம் கட்டளைக்குப் பதிலாக இன்டெல் கட்டளையை அப்படியே வைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். இரண்டும் சுற்றை வெவ்வேறு இடங்களில் வெட்டுகின்றன என்பதே சிக்கல். இன்டெல் சாவியைச் சுற்றின் முடிவில் சேர்க்கிறது. ஆர்ம் தொடக்கத்திலேயே சேர்த்துவிட்டு, நெடுவரிசைக் கலவையைத் தனிக் கட்டளையாக வைத்துள்ளது. ஆகவே ஆர்மின் முதல் கட்டளைக்கு, சாவியை முன்கூட்டியே சேர்த்துவிட்டு, இன்டெலின் கடைசிச் சுற்றுக் கட்டளையைச் சுழியச் சாவியோடு இயக்க வேண்டும். நெடுவரிசைக் கலவையை மட்டும் செய்யும் கட்டளை இன்டெலில் இல்லை. எனவே மறைவிலக்கத்தின் (குறியாக்கத்தை நீக்கும் வேலையின்) கடைசிச் சுற்றையும் குறியாக்கத்தின் இடைச்சுற்றையும் சுழியச் சாவியோடு அடுத்தடுத்து இயக்குகிறார்கள்; மாற்றீடும் நகர்த்தலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, கலவை மட்டும் எஞ்சுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத உத்தி இது. நிரலாளர் ஆர்ட் பீஷ்யூவல் 2023இல் முன்வைத்த இந்த யோசனையை, இன்னொரு நிரலாளரான ரிச்சர்ட் ஹெண்டர்சன் பவர், ரிஸ்க்-வி உள்ளிட்ட பிற செயலி வகைகளுக்கும் பொதுவாக்கி எழுத, அது அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த கியூஎமு 8.1 பதிப்பில் இடம்பெற்றது. அடியிலுள்ள செயலியில் வசதி இல்லையென்றால் பழைய செயற்கூறே இயங்கும்.

வேகத்தோடு இன்னொரு பயனும் உண்டு. அட்டவணையைப் புரட்டும் முறையில், எந்த இடம் புரட்டப்படுகிறது என்பது சாவியைப் பொறுத்து மாறுவதால், எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்தே சாவியை ஊகிக்க முடியும் என்று குறியாக்க ஆய்வாளர் டேனியல் பெர்ன்ஸ்டைன் 2005இலேயே காட்டியிருந்தார். வன்பொருள் கட்டளையில் அந்தக் கசிவு இல்லை. இதைக் கொண்டு எமுலேட்டரைப் பாதுகாப்பு அரணாகக் கருதிவிடக் கூடாது. அப்படிக் கருத வேண்டாம் என்று கியூஎமு ஆவணங்களே எச்சரிக்கின்றன.

கட்டுரையாளர் அவசியம் சேர்த்திருக்க வேண்டிய குறிப்பு, செயலி மாதிரியை, அதாவது எமுலேட்டர் எந்தச் செயலியாக நடிக்க வேண்டும் என்பதை, தேர்ந்தெடுப்பது பற்றியது. உள்ளே இயங்கும் இயங்குதளம் ஏஇஎஸ் கட்டளைகளைப் பயன்படுத்தினால்தான் இந்த முடுக்கம் வேலை செய்யும். எடுத்துக்காட்டாக, இன்டெல் வகை 64 பிட் இயங்குதளங்களுக்கான கியூஎமுவின் இயல்பு மாதிரியான ‘கியூஎமு64’ அந்தக் கட்டளைகள் இருப்பதாக அறிவிப்பதில்லை. அதை மாற்றாமல் விட்டால் உள்ளிருக்கும் நிரல் சாதாரணக் கணக்குகளாலேயே குறியாக்கம் செய்யும். எமுலேட்டர் அவற்றைத் தனித்தனியாக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும். புதிய பதிப்பை நிறுவிய பிறகும் வேகம் கூடவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே; எமுலேட்டரால் தர முடிந்த வசதிகளையெல்லாம் இயக்கும் ‘மேக்ஸ்’ மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இதனால் எமுலேட்டர் மெய்யான செயலியின் வேகத்தை எட்டிவிடாது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு செயற்கூறு அழைப்பும், தரவை நினைவகத்திலிருந்து எடுத்துத் திரும்ப வைக்கும் செலவும் இன்னும் இருக்கின்றன. ஆனால் குறியாக்கத்தை அணைத்துவிட்டுச் சோதித்தால், கடவுச்சொல் கேட்கும் கட்டம், வட்டு திறக்கும் கட்டம் ஆகியவற்றிலுள்ள பிழைகள் சோதனையில் சிக்காமல் பயனரிடம் போய்ச் சேரும். அந்த அறிவுரைக்குப் பதிலாக, 8.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை நிறுவி, ஏஇஎஸ் உள்ள செயலி மாதிரியைத் தேர்ந்தெடுக்குமாறு ஒரு திருத்தக் குறிப்பை வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனைத் துறையில் பணியாற்றும் வாசகர்